அட்டை டேங்க்

தெருவில் அவளை எல்லோரும் சீட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகக் கேட்பவர்கள், மாதச் சீட்டு நடத்துகிறவள் போலிருக்கிறது, எதற்கு வம்பு என்று இரண்டடி தள்ளியே நிற்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கார், வேன், பஸ் எது வந்தாலும் அதன் இருக்கைகளைக் கழற்றி, பிய்ந்த ரெக்சினை உரித்து, அமுங்கிப்போன ஃபோமை மாற்றி, புது உறை தைத்துப் போடுவது அவள் தொழில். இருபத்தெட்டு வருடமாகப் பார்க்கிறாள். அதற்கு முன்னால் ஆறு வருடம் கால்சட்டை தைத்தாள்.

அதே தகரக் கொட்டகையின் மறுபாதியில் அவள் தம்பி என்ஜின் வேலை பார்த்தான். அவனுக்கு டாக்டர் என்று பெயர். ஓடுகிற என்ஜின்மேல் ஒரு ஸ்குருடிரைவரின் முனையை ஊன்றி, அதன் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டே நோய் இன்னதென்று சொல்லிவிடுவான். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதனால் அந்தப் பட்டம் கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்தது. அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நாலாவது காலை நீங்கள் தொட்டுக் காட்டினால், அது வால் என்பான்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மூன்று மாதமாக முட்டுகளின்மேல் நின்றுகொண்டிருந்தது ஒரு பழைய பிக்கப். உருண்ட மூக்கு, இரண்டு வட்ட விளக்கு, பின்னால் மரப்பலகை போட்ட சரக்குத் தளம். மூடிப்போன மரக்கடை ஒன்றின் பின்புறத்தில் துருப்பிடித்துக் கிடந்ததைச் சீட்டக்கா தன் சொந்த உழைப்பில் வாங்கினாள். அவளைவிட வயதில் மூத்த வண்டி. ஐம்பத்தொன்றாவது வயதில், மூன்றாவது தடவையில், முட்டி மோதி ஓட்டுநர் உரிமமும் வாங்கிவிட்டாள். தைத்த சீட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்க இத்தனை வருடமும் யாராவது ஒரு வண்டிக்காரரின் தயவுக்காக வாசலைப் பார்த்து உட்கார்ந்தவள் அவள். அந்த உட்காரலுக்கு ஒரு முடிவு கட்டத்தான் இந்த வண்டி.

தம்பி அதில் போட்ட உழைப்பும் கொஞ்சநஞ்சமல்ல. என்ஜினைப் பிரித்து நட்டு நட்டாகத் துடைத்து மாட்டினான். கதவுகளை நிமிர்த்தினான், வண்ணம் அடித்தான், ஸ்பிரிங் பட்டைகளைப் புதிதாக மாற்றினான். அதில் அக்காவுக்கு ஏகப்பட்ட பெருமை. ஆனால் வருகிற போகிறவர்களிடம் அவன், "இது நான் அக்காவுக்காகப் பண்ற வண்டி" என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்குள் என்னவோ இடறியது. இது தன் வண்டியா, தம்பி தனக்குக் கொடுக்கப்போகும் வண்டியா? வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் சின்னத்தனமாக இருக்கும் என்று விழுங்கிக்கொண்டாள்.

விழுங்கியது வெளியே வந்தது டேங்க் விஷயத்தில்.

அந்தக் காலத்து மாடலில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ளேயே, சீட்டின் முதுகுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும். ஓட்டுகிறவரின் முதுகுக்கும் நாற்பது லிட்டர் பெட்ரோலுக்கும் நடுவில் இருப்பது நாலு விரற்கடைப் பஞ்சுதான். பழைய டேங்க் துருப்பிடித்துச் சல்லடையாகிவிட்டதால் புதிது செய்ய வேண்டியிருந்தது. தம்பி அதே இடத்துக்கு அளவு எடுக்க நாடாவை நீட்டினான்.

"அங்க வேணாம்டா" என்றாள் அக்கா.

"ஏன்?"

"முதுகுல நெருப்பக் கட்டிக்கிட்டு என்னால ஓட்ட முடியாது. அது மட்டுமில்ல, அந்த டேங்க் இருக்கிற வரைக்கும் சீட்டு செங்குத்தாத்தான் நிக்கும். கொஞ்சம்கூடச் சாய முடியாது. அரை மணி நேரம் ஓட்டினா இடுப்பு விட்டுப்போகும்."

"கம்பெனிக்காரன் என்ன முட்டாளா? இத்தனை வருஷம் அப்படித்தானே ஓடுச்சு?"

"இத்தனை வருஷம் நான் ஓட்டலையே."

தம்பியின் மனைவி பள்ளிக்கூட டீச்சர். மாலையில் கொட்டகைக்கு வந்து, ஒரு பழைய பஸ் சீட்டில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவது அவள் வழக்கம். சிவப்புப் பேனாவை நிறுத்தாமலேயே சொன்னாள்: "அண்ணி சொல்றது சரிங்க. முழு மார்க்."

இரண்டு பேர் ஒரு பக்கம் நின்றால் டாக்டர் என்ன செய்வார்? இறங்கி வந்தான். ஆனால் படியில் பாதிதான் இறங்கினான். "சரி, வெளிய எடுத்தாச்சு. இனிமே எங்க வைக்கணும்ங்கறத நான் பாத்துக்கறேன். அது உன் வேலை இல்ல."

அவன் பார்த்ததும் நன்றாகத்தான் பார்த்தான், குறை சொல்வதற்கில்லை. வண்டியின் வலப்பக்கம் சைலன்சர் போகிறது, அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் ஆகாது. இடப்பக்கம் வெளியே தொங்கவிட்டால், பக்கத்தில் எவனாவது இடித்தால் முதல் அடி டேங்குக்குத்தான். வண்டியின் கடைசியில், பின் பம்பரை ஒட்டி வைத்தால் பின்னாலிருந்து வருகிறவனின் மூக்கு நேராக அதில்தான் வந்து நிற்கும். எஞ்சியது ஒரே இடம். சரக்குத் தளத்துக்கு அடியில், நீளவாக்கில் ஓடும் இரண்டு இரும்புச் சட்டங்களுக்கு நடுவே, பின்சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலுக்குப் பின்புறம், அதை ஒட்டினாற்போல. பின்னாலும் இடம் விட்டிருக்கும், இரண்டு பக்கமும் சட்டம் காவல் நிற்கும். அளந்தான், கூட்டினான், கழித்தான். புதுத் தகட்டில் கோடும் போட்டுவிட்டான்.

"காலைல வெட்டிடறேன்" என்றான்.

"எதுக்கும் முதல்ல அட்டையில செஞ்சு மாட்டிப் பாத்துடலாமா?" என்றாள் அக்கா.

அவன் சிரித்தான். "அக்கா, இது ஜாக்கெட் இல்ல."

"துணிய வெட்டுறதுக்கு முன்னாடி பேப்பர வெட்டுறதுல என்னடா குறைஞ்சுபோச்சு? வெட்டின தகடு ஒட்டுமா?"

ராத்திரி அவனும் டீச்சரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். காலையில் தம்பி வந்தபோது, ஃபோம் வந்த பெரிய அட்டைப்பெட்டிகளை வெட்டி, அவன் போட்ட அளவிலேயே, மூலைகளுக்குப் பசைநாடா ஒட்டி, ஓர் அட்டை டேங்க் தயாராக இருந்தது. அக்கா அதைக் கம்பியால் கட்டி, அவன் சொன்ன இடத்தில் தொங்கவிட்டிருந்தாள். கனகச்சிதமாகப் பொருந்தியிருந்தது. ஆக்சிலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

"பாத்தியா? தாராளம்" என்றான் தம்பி. கையைத் தட்டிக்கொண்டு தகடு வெட்டும் கத்திரியை எடுக்கப் போனான்.

அக்கா அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னவோ உறுத்தியது. கால்சட்டை தைத்த காலத்தில் அவள் கற்ற முதல் பாடம், ஆளை நிற்க வைத்து மட்டும் அளவெடுத்தால் உட்காரும்போது கிழியும் என்பது. அதனாலேயே இன்றுவரை, எந்த வண்டிச் சீட்டுக்கும் வண்டிக்காரரை அதில் ஒரு தடவை உட்காரவைத்து, ஃபோம் அமுங்கியபிறகுதான் நாடாவை இழுப்பாள். தெருவே அதைக் கேலி பண்ணும். இப்போது அவள் வண்டியை மேலும் கீழும் பார்த்தாள். வண்டி முட்டுகளின்மேல் நின்றது. சக்கரம் இல்லை. ஆக்சில், பிடிப்பாரற்ற கை மாதிரி கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

"டேய், வெட்டாத. இது நின்னுட்டு இருக்கு."

"எது?"

"வண்டி. நின்னுட்டு இருக்கறப்ப அளவெடுத்திருக்க. முதல்ல உக்கார வை."

தம்பிக்குப் புரியவில்லையா, புரிந்துவிட்டதா என்று சொல்வது கடினம். ஒரு கணம் கத்திரி கையிலேயே நின்றது. அவன் என்ஜின்காரன். என்ஜின் மேலே போகிறதா கீழே வருகிறதா என்று ஒருநாளும் பார்க்க வேண்டியிருந்ததில்லை. "நாலு விரல் போதும்ங்கற இடத்துல நான் ஒரு சாண் விட்டிருக்கேன்" என்றான், குரலைக் கொஞ்சம் உயர்த்தி.

"அப்ப உக்கார வெச்சாலும் ஒண்ணும் ஆகாதுல்ல? வை."

முணுமுணுத்துக்கொண்டே சக்கரங்களை மாட்டினான். முட்டுகளை எடுத்து வண்டியைத் தரையில் இறக்கினான். அந்த ஒரு சாண் அப்போதே நாலு விரலாகிவிட்டது. "நாலு விரல் இருக்குல்ல?" என்றான், ஆனால் இந்தத் தடவை குரல் உயரவில்லை.

அக்கா வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துக் கையைத் தட்டினாள். டயர்க்கடைக்காரர் வந்தார். ஒரு பஸ்சின் சீட்டுக்காகக் காத்திருந்த டிரைவரும் நடத்துநரும் வந்தார்கள். எதிர் வரிசை சலூன்காரர், கழுத்தில் வெள்ளைத்துணியும் ஒரு கன்னத்தில் சோப்பு நுரையுமாக இருந்த தன் வாடிக்கையாளரையும் கூட்டிக்கொண்டே வந்தார். விட்டுவிட்டு வந்தால் ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவாராம். அக்கா எல்லோரையும் சரக்குத் தளத்தில் ஏற்றினாள். அன்று பள்ளிக்கூடம் விடுமுறை, டீச்சரும் விடைத்தாள் கட்டோடு ஏறினாள். சும்மா நின்ற இன்னும் மூன்று பேரும் ஏறினார்கள். ஓசியில் வண்டி ஏறச் சொன்னால் எந்தத் தெருவில்தான் ஆளுக்குப் பஞ்சம்?

பலகைத் தளம் முனகியது. புது ஸ்பிரிங் பட்டைகள் வளைந்து கொடுத்தன. தம்பி பக்கவாட்டில் குனிந்து அடியில் பார்த்தான். அக்காவும் குனிந்தாள். இடைவெளி இப்போது ஒரு விரல். அதோடு அவள் எதிர்பாராத இன்னொன்றும் நடந்திருந்தது. ஆக்சில் மேலே மட்டும் வரவில்லை, கொஞ்சம் பின்னாலும் நகர்ந்திருந்தது. உட்கார்ந்தால் முட்டி முன்னால் போகும் அல்லவா, அதே கணக்குத்தான்.

"எல்லாரும் ஒரே ஒரு தடவை குதிங்க" என்றாள் அக்கா.

"எதுக்கு?" என்றார் சலூன்காரர்.

"ரோட்டுல குழி இருக்கும்ல, அதுக்கு."

ஒன்று, இரண்டு, மூன்று. குதித்தார்கள். சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை, அட்டைதானே. ஆக்சிலின் நடுவில் பூசணிக்காய் அளவுக்கு இருக்கும் இரும்பு உருண்டை, அட்டை டேங்கின் முன்பக்கத்தைக் குத்திக்கொண்டு உள்ளே போய் வந்தது. ஓட்டை வழியாக மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

தம்பி அடியில் நுழைந்தான். கம்பியை அவிழ்த்து, நசுங்கிய அட்டையை வெளியே இழுத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். அது தகடாக இருந்திருந்தால், உள்ளே பெட்ரோல் இருந்திருந்தால், மேலே உட்கார்ந்திருப்பது அக்காவாக இருந்திருந்தால் என்று அவன் மனசு ஓடியது முகத்திலேயே தெரிந்தது.

"யானைக்கும் அடி சறுக்கும் டாக்டர்" என்றார் டயர்க்கடைக்காரர். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் சிலருடைய ஆறுதல் அடியைவிட அதிகமாக வலிக்கும்.

தம்பி அட்டையைக் கீழே போட்டான். "சரி விடு. கம்பெனிக்காரன் வெச்ச இடத்துலயே வெச்சிடறேன். அவனுக்குத் தெரியாதது நமக்கா தெரிஞ்சுடப்போகுது?"

அக்காவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தெருவே தளத்தின்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது. சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவன் மானம் தப்பும், வண்டியும் இந்த வாரம் ஓடும். ஒரு நிமிடம் அவளும் தயங்கினாள். ஆனால் ஓடப்போவது யாருடைய வண்டி? முதுகைக் கொடுத்து உட்காரப்போவது யார்? இன்றைக்கு விட்டுக்கொடுத்தால் இந்த வண்டியில் அவள் கடைசிவரை விருந்தாளிதான். தன் வண்டிக்கே விருந்தாளியாக அவள் தயாராக இல்லை.

"இடம் சரிதான்டா" என்றாள். "இதைவிட நல்ல இடம் இந்த வண்டியிலயே கிடையாது. அதை நீதான் புடிச்ச. வெட்டுதான் தப்பு."

"வெட்டுன்னா?"

"சட்டைக்கு ஏத்த ஒடம்பா தேடுவாங்க? கைக்குழி வெட்டாம சட்டை தெச்சா கைய எங்க விடறது? டேங்குக்கும் ஒரு கைக்குழி வெட்டு. அந்த உருண்டை வர்ற இடத்துல உள்வாங்கி வெட்டு. அங்க குறையறத மேல, பலகைக்கு அடியில ஏத்திக்கலாம்."

தம்பி அவளைப் பார்த்தான். பிறகு அட்டையில் இருந்த ஓட்டையைப் பார்த்தான். போய் டார்ச் லைட்டை எடுத்து வந்தான். அவன் தோல்வியை ஒப்புக்கொள்வது அப்படித்தான் இருக்கும், பழகியவர்களுக்குத்தான் தெரியும்.

"நல்லா இருக்கு, நாங்க இறங்கலாமா?" என்றார் சோப்பு நுரைக்காரர்.

"யாரும் அசையக் கூடாது" என்றாள் அக்கா. "அளவு எடுக்கணும்."

சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார்கள். இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாகச் சீட்டக்கா ஒரு வண்டிக்கு அடியில் போனாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு ரெக்சின் துண்டை விரித்து மல்லாந்து படுத்தாள். மறுபக்கத்திலிருந்து தம்பி நுழைந்து விளக்குப் பிடித்தான். அவள் அளவைச் சொல்ல, தலைக்குமேல் டீச்சர் விடைத்தாளின் பின்பக்கத்தில் சிவப்பு மையில் குறித்துக்கொண்டாள். அந்த விடைத்தாளை எழுதிய பையனோ பெண்ணோ, அதைத் திரும்ப வாங்கியபோது என்ன நினைத்ததோ தெரியாது. கால்மணி நேரம் ஆயிற்று. சலூன்காரரின் வாடிக்கையாளருக்கு நுரை காய்ந்து கன்னம் இழுத்துப் பிடித்துக்கொண்டது.

அன்று மாலையே அக்கா தரையில் பழுப்புக் காகிதத்தை விரித்துப் புது வெட்டைப் போட்டாள். முன்பக்கம் அரைவட்டமாக உள்வாங்கியது, மேல்பக்கம் தோளைப்போல உயர்ந்தது. எல்லா ஓரத்திலும் அரை அங்குலம் கூட விட்டிருந்தாள்.

"இரும்புக்கு எதுக்குக்கா உள்தையல்?" என்று தம்பி கிண்டலாக ஆரம்பித்தான். பாதியிலேயே நிறுத்திவிட்டான். பற்றவைக்க ஓரத்தை மடக்க வேண்டும், மடக்க இடம் வேண்டும். அந்த அரை அங்குலம் இல்லாவிட்டால் அவனுக்குத்தான் கை கட்டிப்போயிருக்கும். "சரி, இருக்கட்டும்" என்றான்.

அவனுடைய மூளையும் சும்மா இருக்கவில்லை. டேங்குக்குள்ளே நடுவில், ஓட்டைகள் போட்ட இரண்டு தடுப்புத் தகடுகளை நிறுத்தினான். வண்டி திரும்பும்போது பெட்ரோல் மொத்தமாக ஒரே பக்கம் அடித்துக்கொண்டு போகாமல் இருக்க. அக்காவுக்கு அது உடனே பிடிபட்டது. மெத்தையில் பஞ்சு ஒதுங்காமல் இருக்க நடுநடுவே தையல் போடுவதில்லையா? இது தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று அவளுக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. என் தம்பி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பற்றவைத்து முடித்தபிறகு ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். அவளுடைய தையல் சாக்கட்டியைப் பொடித்து ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூசினார்கள். உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி வைத்தார்கள். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் வெள்ளையில் ஈரக்கறை காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைப்போல எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

டேங்க் ஏறியது. தெரு மறுபடியும் தளத்தில் ஏறியது. இந்தத் தடவை யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று குதித்தார்கள். தம்பி அடியில் பார்த்துவிட்டு எழுந்து, இரண்டு விரலைச் சேர்த்துத் தூக்கிக் காட்டினான். எவ்வளவு குதித்தாலும் இரண்டு விரல் மிச்சம். பெட்ரோல் ஊற்றும் வாய் தளத்தின் இடது ஓரத்தில், பின்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், ஒரு சின்ன மூடிக்குள் அடக்கமாக உட்கார்ந்தது. கேபினுக்குள் சீட்டு இப்போது கொஞ்சம் பின்னால் சாய்ந்தது. அதற்குக் கரும்பச்சையில் உறை தைத்துப் போட்டாள்.

ஒரு வாரம் கழித்து, பதிவுக்கும் சோதனைக்கும் காட்டவேண்டிய இடத்தில் காட்டி, சான்று வாங்கிய மறுநாள், வண்டி முதல் முறையாகச் சரக்கோடு கிளம்பியது. பின்னால் பன்னிரண்டு பஸ் சீட்டு. ஓட்டுகிறவள் அக்கா. பக்கத்தில் தம்பி, ஏதாவது ஒன்று என்றால் கைகொடுக்க என்று ஏறியவன். கியர் மாற்றும்போதெல்லாம் அவன் கால் இல்லாத கிளட்ச்சை மிதித்தது. முதல் வேகத்தடையில் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். வண்டி ஏறியது, இறங்கியது. அடியில் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டார்கள். சிரிப்பு வந்தது, ஆனால் யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

நாலு தெரு தாண்டிப் பெட்ரோல் பங்க். டேங்கில் கொட்டகையிலிருந்து ஊற்றிய ஐந்து லிட்டர்தான் இருந்தது. அக்கா வண்டியை நிறுத்தினாள். பெட்ரோல் போடுகிறவர் பழைய வண்டியைக் கண்டதும் முகம் மலர்ந்து ஓடிவந்தார். நேராகத் தம்பியின் பக்கத்து ஜன்னலுக்குத்தான் வந்தார்.

"சார், சூப்பர் வண்டி சார்! நீங்களே பண்ணீங்களா? இந்த மாடல்ல மூடி கேபின் ஓரமாத்தானே இருக்கும், காணோமே. டேங்க எங்க சார் வெச்சிருக்கீங்க?"

அக்கா கையை ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இனி தம்பியின் பேச்சு அரை மணி நேரம் ஓடும் என்று அவளுக்குத் தெரியும். வண்டியைப் பற்றி யார் ஒரு கேள்வி கேட்டாலும் பதில் சொல்லாமல் விட்டவன் அல்ல அவன். சைலன்சர் சூட்டில் ஆரம்பித்து, பின் பம்பர் வரைக்கும் போய், இடம் பிடித்த கதையை முழுக்கச் சொல்லித்தான் முடிப்பான். சொல்லட்டும், அவன் உழைப்பும்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

தம்பி வாயைத் திறந்தான். அப்படியே மூடினான். முன்கண்ணாடி வழியாக எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்தான்.

"என்னைக் கேட்டா?" என்றான். "வண்டிக்காரங்க அந்தப் பக்கம் இருக்காங்க. அவங்களக் கேளுங்க."

பெட்ரோல்காரர் வண்டியைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்.   அக்கா கதவைத் திறந்து இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"வாங்க, காட்டறேன்" என்றாள்.

பின்பக்கமாகப் போனால் இடது ஓரத்து மூடிக்கு நாலே எட்டு. அவள் முன்பக்கமாக, உருண்ட மூக்கைத் தொட்டுக்கொண்டு, தம்பியின் ஜன்னலைத் தாண்டி, சுற்றிக்கொண்டே போனாள். பெட்ரோல்காரரும் பின்னாலேயே நடந்தார். அவள் வண்டி, அவள் எப்படி வேண்டுமானாலும் சுற்றிப் போவாள்.